கூரைக்கு நூறு வயது, பேனல் புதுசு

தென்னாப்பிரிக்காவில் ஒரு வீட்டுக்கு அறுபது வயது தாண்டிவிட்டால், பத்திரம் உங்கள் பேரில் இருந்தாலும் கூரையில் கை வைக்க இன்னொருவரைக் கேட்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம், 34-ஆம் பிரிவு. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. நினைவுச்சின்னம் என்று யாரும் அறிவித்திருக்க வேண்டியதில்லை, வயது ஒன்றே போதும். வருஷம் ஏற ஏற இந்தக் கோடும் நகரும். 2025 கணக்குக்கு 1965-க்கு முந்தைய வீடெல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

நாங்கள் இருப்பது குவாசுலு-நட்டால் மாகாணத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். 1893-இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பழைய நகரப் பகுதி முழுக்கச் செங்கல் கட்டடங்கள்தான். விக்டோரியா காலத்து நகர மண்டபம், பக்கத்துத் தெருக்களில் வராண்டா வைத்த வீடுகள், அவற்றின் மேல் நெளி தகரக் கூரைகள். நாங்கள் சோலார் பேனல் போட நினைத்த எங்கள் வீடும் அந்த ரகம். நூறு வயது தாண்டியது. முன்வராண்டாவில் வார்ப்பிரும்பில் பூவேலை, இரண்டு செங்கல் புகைபோக்கிகள், உள்ளே தகரத்தில் அச்சடித்த சீலிங்.

என் கணவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பது. நான் மட்டும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைத் தோல் நிறம் பார்த்து முடிவு செய்தது. மாமனார் வீட்டார் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய நார்த்டேலுக்குப் போனது அதனால்தான். 1991-இல் அந்தச் சட்டம் ஒழிந்தபிறகு, ஊருக்குள் ஒரு வீடு வாங்கியே தீருவேன் என்று மாமனார் வாங்கிய வீடு இது. சோலாருக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று நான் சொன்னபோது அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அப்போ இந்தத் தெருவுல இருக்கக்கூடாதுன்னாங்க. இப்போ இருக்கலாம், கூரையை மட்டும் தொடக்கூடாதுங்கறாங்களா?"

அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் என் மனசு வேறு பக்கம் போனது. நான் பிறந்த பக்கத்தில் எத்தனை வீட்டுத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்! வீட்டைப் பிரித்து விற்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவளுக்கு, கேட்டுவிட்டுச் செய் என்று ஒரு சட்டம் இருப்பதில் பெரிய வருத்தம் வரவில்லை. எரிச்சல் வந்தது. வருத்தம் வரவில்லை.

இதெல்லாம் 2023-இல். நாடு முழுக்க லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்ட மின்வெட்டு, உச்சத்தில் இருந்த வருஷம். ஆறாம் கட்டம் என்றால் 6,000 மெகாவாட் வரை வெட்டு, ஒரு நாளைக்குப் பல தடவை கரண்ட் போகும். இட்லிக்கு அரைக்கக்கூட அட்டவணை பார்த்துத்தான் அரிசி ஊறப்போட வேண்டும். அந்தச் சமயத்தில் சோலார் போடுகிறவர்கள் காட்டில் மழை. முதலில் வந்தவர் தெருவில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்தார். "பத்து பேனல், முன்பக்கம், ஒரே வரிசை. ரெண்டு நாள் வேலை" என்றார். பாரம்பரிய அனுமதி பற்றிக் கேட்டேன். பேனல் என்பது ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு சாதனம், வீட்டை மாற்றுவதாகாது, யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். முன்பணம் மட்டும் அன்றைக்கே வேண்டுமாம்.

சட்டத்தை எடுத்துப் படித்தால் விஷயம் வேறாக இருந்தது. மாற்றம் என்பதற்கு அதில் கொடுத்திருக்கும் விளக்கம் மிகவும் அகலமானது. கட்டடத்தின் அமைப்பையோ தோற்றத்தையோ பாதிக்கும் எந்த வேலையும் அதில் அடங்கும். பெயின்ட் அடிப்பதும் பூசுவதும்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம். மாட்டிக்கொள்ளப் போவது வீட்டுக்காரர்தான், பேனல் மாட்டியவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எனவே முதல் யோசனை இது: பேனல் மாட்டுகிறவர் வாயால் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். மாகாண அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள், அவர்கள் பதிலைக் காகிதத்தில் வாங்கி வையுங்கள். எங்கள் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா. கேப் டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு ஹெரிடேஜ் வெஸ்டர்ன் கேப். அங்கே நகராட்சியே சில பகுதிகளைப் பாரம்பரியப் பாதுகாப்பு மண்டலமாக வைத்திருக்கிறது. போ-காப் அதில் ஒன்று. அங்கே வீட்டுக்கு வயது குறைவு என்றாலும் மண்டலத்துக்கான விதி தனியாக உண்டு.

விண்ணப்பத்துக்கு நான் தயார் செய்தவை: உரிமைப் பத்திரம், தெருவிலிருந்தும் நாலு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள், மனையின் வரைபடம், கூரையை மேலிருந்து பார்த்த படத்தில் பேனல் எங்கே வரும் என்று அளவோடு குறித்த வரைவு, பேனலின் விவரத்தாள், ஏன் இந்த இடம் என்று ஒரு பக்கக் கடிதம். இதில் பலன் தந்தது படங்கள்தான். எதிர் நடைபாதையில், ஒரு மனிதரின் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, தெருவின் இரு முனையிலிருந்தும் எடுங்கள். அந்தப் படத்தில் எந்தக் கூரைப் பரப்பு தெரிகிறதோ அதுதான் அவர்களுக்குக் கவலை. எது தெரியவில்லையோ அது உங்களுக்கு இடம். மீதி எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எங்கள் வீடு வடமேற்குப் பார்த்தது. இங்கே ஒரு சங்கதி. ஊரிலிருந்து அண்ணன் போன் செய்து, "தெற்கே பார்த்து வைம்மா, அதுதான் கணக்கு" என்றான். தமிழ்நாட்டுக்கு அது சரி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே சூரியன் வடக்கு வானத்தில் போவதால் இங்கே எல்லாம் தலைகீழ், பேனல் வடக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் தெருப் பக்கக் கூரை எங்களுக்கு நல்ல வெயில் பக்கம். அதைத்தான் தொட முடியாது. எங்கள் கூரை நாலு பக்கமும் சரிந்தது. தெருவை விட்டால் அடுத்த நல்ல முகம் பக்கத்து வீட்டைப் பார்த்த வடகிழக்கு. அது போக, கொல்லையில் எண்பதுகளில் கட்டிய ஓர் அறை இருக்கிறது. அதன் கூரை கிட்டத்தட்டச் சமதளம், தெருவிலிருந்து கண்ணுக்கே படாது.

வடகிழக்கில் நாலு, கொல்லை அறையில் நாலு என்று வரைந்து கொடுத்தோம். வடக்கிலிருந்து 45 டிகிரி விலகினால் நஷ்டம் பெரிதாக இருக்கும் என்று பயந்தேன். பயந்த அளவுக்கு இல்லை. இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. இந்த மாகாணத்தில் மழை கோடையில் பெய்வது. நவம்பர், டிசம்பரில் காலை முழுக்க வெயில் காயும், மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கத்திலிருந்து கருமேகம் திரண்டு இடி, மழை, சில நாள் ஆலங்கட்டி. மாலை வெயிலை நம்பிய வடமேற்குக் கூரையைவிட, காலை வெயிலைப் பிடிக்கிற வடகிழக்குக் கூரை அந்த மாதங்களில் ஒன்றும் சோடை இல்லை. குளிர்காலமோ இங்கே வறண்டது, வானம் கண்ணாடி போல இருக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் உற்பத்தி படுத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நல்ல ஏமாற்றம்தான் கிடைக்கும்.

நிழல்தான் மெய்யான எதிரி. ஊரில் ஆனி மாதம் என்றால் வெயில். இங்கே ஆனியில்தான் பொழுது குறுகும். ஜூன் 21 வாக்கில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 37 டிகிரிதான் ஏறும். டிசம்பரில் அதுவே 84 டிகிரி, தலைக்கு நேர். அந்தத் தாழ்ந்த சூரியனில் புகைபோக்கியின் நிழல் அதன் உயரத்தைவிட நீண்டு விழும். இடிக்கவும் முடியாது, புகைபோக்கிகள் இல்லாமல் இந்த வீட்டுக்கு முகமே இல்லை. பேனல்களை வரிசையாக ஒரே தொடரில் கோத்தால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றையும் இழுக்கும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்டைக் கடத்த உள்ளேயிருக்கும் பைபாஸ் டயோடுகள் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். நாங்கள் செய்தது எளிய வேலை: ஜூன் மாதத்தில் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு படம் எடுத்து, நிழல் போகாத நாலு பேனல் இடத்தைக் கண்டுபிடித்தோம். டிசம்பரில் பார்த்துவிட்டு இடம் குறித்தால் ஜூனில் அழுவீர்கள். மரங்களுக்கும் இதே கணக்கு. எங்கள் கொல்லையில் அத்தை வைத்த கறிவேப்பிலை மரம் கூரைக்கு மேல் போயிருந்தது. அதைக் கழிப்பதற்கு மட்டும் அத்தையிடம் அனுமதி வாங்க நான் பட்ட பாடு அமாஃபா அனுமதிக்குப் பட்டதைவிடக் கொஞ்சம் கூட.

அமாஃபாவிலிருந்து வந்த ஒப்புதலில் நிபந்தனைகள் இருந்தன. பேனல் கூரைச் சரிவுக்கு இணையாகப் படிந்திருக்க வேண்டும், முன்வீட்டுக் கூரையில் பேனலைத் தூக்கி நிறுத்தும் சாய்வுச் சட்டம் கூடாது. முகட்டுக்கு மேல் எதுவும் நீட்டக்கூடாது. பேனலின் ஓரச் சட்டமும் பின்தாளும் கறுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சுவரில் குழாயோ பெட்டியோ தெரியக்கூடாது. எப்போது கழற்றினாலும் பழைய கூரை பழையபடி இருக்க வேண்டும். கொல்லை அறையில் மட்டும் சாய்வுச் சட்டத்துக்குச் சம்மதம். படிந்திருக்க வேண்டும் என்பதில் ஒன்றை மட்டும் நாங்கள் எழுதி விளக்கினோம். பேனல் சூடேற ஏற அதன் உற்பத்தி குறையும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம். ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கும்போது தகரம் தோசைக்கல்தான். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். சம்மதித்தார்கள். காரணத்தை எண்ணோடு சொன்னால் கேட்கிறார்கள்.

இந்த அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் செய்த வேலையைத்தான் இந்தக் கட்டுரையில் மற்றவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன். பழைய வீட்டுக்கு சோலார் போடுவது என்றால் பேனல் கடைசி வேலை. முதல் வேலை கூரை மரம், அடுத்த வேலை வயரிங். விலைப்புள்ளி கொடுத்தவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டையும் பார்க்கக் கேட்கவில்லை.

கூரை மரத்துக்கு ஒரு வயதான தச்சரை அழைத்து வந்தார் கணவர். சீலிங் கதவு வழியாக மேலே ஏறி, நானும் பின்னால் தலையை நீட்டினேன். நூறு வருஷத்துத் தூசி, செத்த குளவிக் கூடுகள், தகர ஆணி ஓட்டைகளில் ஊசி ஊசியாக வெளிச்சம். கைமரங்கள் ஆரெகன் பைன், அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது. தச்சர் சுத்தியல் எதையும் எடுக்கவில்லை. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு கைமரத்திலும், சுவரில் உட்காரும் முனையில் மட்டும் குத்திக்கொண்டே போனார். டொக், டொக், டொக். பிறகு ஓரிடத்தில் சத்தமே வரவில்லை, கம்பி பாதி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ரவை போல மாவு கொட்டியது. மேலே பார்த்தால் மரம் முழுசாக, சில முட்டை வடிவ ஓட்டைகளோடு மட்டும் நின்றது. உள்ளே உளுத்திருந்தது. "தண்ணி இறங்கின இடம், அப்புறம் வண்டு. நடுமரம் எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார்.

இந்த மாகாணத்தில் வீடு கைமாறும்போது வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம். மரத்தைத் துளைக்கும் வண்டு இருக்கிறதா என்று ஆள் வந்து பார்த்துக் கொடுப்பது. மாமனார் வாங்கியபோதும் அது இருந்தது. ஆனால் அது முப்பது வருஷத்துக்கு முந்தையது. உளுத்த முனைகளுக்குப் பக்கவாட்டில் புது மரம் சேர்த்துப் போல்ட் போட்டோம். பழையதை வெட்டி எறியவில்லை. இந்த வேலையும் அனுமதிக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்ந்திருந்ததால் தனியாக ஓட வேண்டியிருக்கவில்லை. நீங்களும் ஒரே விண்ணப்பத்தில் கூரைப் பழுதையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு பேனல் 550 வாட் என்றால் ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 28 கிலோ எடை. எடை பரவி நிற்பதால் அது அவ்வளவு பயமில்லை. காற்று கீழே புகுந்து தூக்குவதுதான் பயம். அதனால் தாங்கிகளின் திருகு கைமரத்தில் இறங்க வேண்டும், தகரத்தை மட்டும் கவ்வி நிற்கக்கூடாது. மெல்லிய ரீப்பரிலும் வேண்டாம். நெளி தகரத்தில் துளை எப்போதும் மேட்டில்தான், பள்ளத்தில் போட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடும். ரப்பர் வாஷர் வெயிலைத் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் செம்பு எர்த் கம்பியை நேரே முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவே இரட்டை உலோக லக் (இரண்டு உலோகத்துக்கும் ஒத்துப்போகும் இணைப்புத் துண்டு) போடச் சொல்லுங்கள். ஆலங்கட்டி பற்றிக் கேட்பார்கள்: 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்ப்பது பேனல் சோதனையின் ஒரு பகுதி. அதைவிடப் பெரியது விழும் ஊர் இது, எனவே இன்ஷூரன்ஸில் பேனலைச் சேர்ப்பது ஆடம்பரம் இல்லை.

வயரிங் கதை இன்னும் மோசம். மாமனார் சமையலறைப் பக்கம் புதிதாக இழுத்திருந்தார். முன்னறைகளில் இரும்புக் குழாய்க்குள் பழைய ரப்பர் உறை வயர். எலக்ட்ரீஷியன் நம்ம தமிழ்ப் பையன்தான், தமிழ் பேச வராது, என்னை ஆண்ட்டி என்பான். ஒரு சுவிட்சைக் கழற்றி வயரை லேசாக வளைத்துக் காட்டினான். உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தது. தனி எர்த் கம்பி இல்லை, அந்தக் குழாயே எர்த். நடுவே ஒரு மூட்டு துருப்பிடித்து விட்டிருந்தது, அதாவது அந்த அறைக்கு எர்த்தே இல்லை. "இதுக்கு மேல இன்வெர்ட்டர் மாட்டி நான் சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட முடியாது ஆண்ட்டி" என்றான். நியாயம். இங்கே மின்வேலைக்கு இணக்கச் சான்றிதழ் கட்டாயம், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் தரவேண்டும். அது இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரர் தீ விபத்துக்குப் பணம் தரத் தயங்குவார், நகராட்சியும் சோலாரைப் பதிவு செய்யாது. புது வயரைப் பழைய குழாய்கள் வழியாகவே இழுத்தோம், சுவரை வெட்டவில்லை. சீலிங் தகரத்தையும் தொடவில்லை. வீட்டுக்குள் வயர் மாற்றிய செலவு இன்வெர்ட்டர் விலையைத் தாண்டியது. விலைப்புள்ளி வாங்கும்போது இதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.

வெளிச்சுவரில் குழாய் தெரியக்கூடாதே, பேனலிலிருந்து வரும் டிசி கேபிளை எப்படி இறக்குவது? ஒருவர் வெள்ளை பிளாஸ்டிக் குழாயை முன்வராண்டாத் தூண் பக்கமாக இறக்கலாம் என்றார். பையன்தான் வழி கண்டான். பின்புகைபோக்கி எரிவது நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் உட்புறத்தைச் சுத்தம் செய்து, இரும்புக் குழாய்க்குள் கேபிளைப் போட்டு, கொல்லைப்புறப் பண்டக அறைக்குள் இறக்கினான். மேலே மழை புகாதபடி ஒரு தொப்பி. வெளியே ஒரு இஞ்சு கம்பி தெரியவில்லை. எங்கள் நிழல் வில்லனுக்கு அதற்குப்பிறகு வீட்டில் மரியாதை கூடிவிட்டது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் அதே அறையில், வெயில் படாத செங்கல் சுவரில். படுக்கையறைக்கும் வெளியேறும் வழிக்கும் பேட்டரியைக் கொண்டுவராதீர்கள். பேனல் கரண்டைத் துண்டிக்கும் டிசி ஐசோலேட்டர் சுவிட்ச் எங்கே என்று வாசல் டிபி போர்டில் (மின்பகிர்வுப் பலகையில்) ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள், தீயணைப்பு வண்டி வந்தால் அவர்கள் தேடுவது அதைத்தான்.

முதலில் வந்தவரின் ஒரே வரிசைப் பத்து பேனலுக்கு இப்போது வருகிறேன். எங்கள் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தாங்கும் டிசி உச்சம் 500 வோல்ட். ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் ஓட்டாமல் சும்மா வெயிலில் இருக்கும்போது காட்டும் வோல்ட், சுமார் 49.5. பத்தைத் தொடராகக் கோத்தால் 495, காகிதத்தில் பாஸ். ஆனால் அந்த எண் 25 டிகிரி வெப்பத்துக்கானது. குளிர்ந்தால் வோல்ட் ஏறும். ஜூலை விடியலில் இங்கே மூன்று டிகிரிக்குப் போகும், அப்போது ஆறு சதவீதம் கூடி 520-ஐத் தாண்டும். முதல் வெயில் பட்ட நொடியில் இன்வெர்ட்டர் போய்விடலாம், வாரன்டியும் கிடைக்காது. கீழேயும் ஒரு வரம்பு உண்டு. ஒரு உள்ளீட்டில் சுமார் 150 வோல்டாவது வராவிட்டால் அது சரியாக வேலை செய்யாது, மூன்று பேனல் போதாது. நாலும் நாலுமாக இரண்டு தனி உள்ளீடுகளில் கொடுத்ததால் இரண்டு பக்கமும் தப்பித்தோம். வெவ்வேறு திசை பார்க்கும் பேனல்களை ஒரே தொடரில் கோக்கவே கூடாது என்பதும் இதில் அடக்கம். உங்கள் விலைப்புள்ளியில் இந்தக் கணக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதும் முழிப்பவரை அனுப்பிவிடுங்கள்.

பணத்தில் ஒரு சின்ன வேடிக்கை. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை வீடுகளுக்கு வரிச்சலுகை இருந்தது: புதுப் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது, ஒவ்வொரு பேனலும் 275 வாட்டுக்குக் குறையக்கூடாது, இணக்கச் சான்றிதழ் அந்தத் தேதிக்குள் இருக்க வேண்டும். இதைச் சொல்லித்தான் பலர் அவசரப்படுத்தினார்கள்: முதலில் மாட்டுங்கள், அனுமதி பிறகு வாங்கலாம். எட்டு பேனலுக்கு எங்களுக்கு வரவேண்டியது ஆறாயிரத்துச் சொச்சம் ரேண்ட்தான். அதற்காகச் சட்டத்தை மீற மனமில்லை. சான்றிதழ் மார்ச் மாதத்தில் கைக்கு வந்தது, சலுகை போனது. அதே மார்ச் 26-ஆம் தேதி நாடு தழுவிய லோட் ஷெடிங்கை நிறுத்திவிட்டார்கள்! "நீங்க பேட்டரி வாங்குவீங்கன்னுதான் காத்திருந்தாங்க போல" என்று அத்தை சிரித்த சிரிப்பு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும்.

வீணாகிவிடவில்லை. கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று எங்கள் தெருவுக்கென்று தனி இருட்டு எப்போதும் உண்டு. அதோடு நாட்டின் மின்வாரியமான எஸ்காமின் கட்டணம் 2023-இல் 18.65 சதவீதம், 2024-இல் 12.74 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் பில் குறைந்ததற்குப் பாதிப் புண்ணியம் பேனலுக்கு, பாதி கீசருக்கு. 150 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்ற 7 யூனிட் வேண்டும். எங்கள் பேட்டரி மொத்தமே 5 யூனிட். அதாவது இரவில் கீசர் ஒருமுறை ஓடினால் பேட்டரி காலி. அதை ஒரு டைமரில் போட்டு, காலை பத்திலிருந்து மதியத்துக்குள் மட்டும் ஓடவிட்டோம், வடகிழக்குப் பேனல்கள் முழுவீச்சில் இருக்கும் நேரம். துணி துவைப்பதும் கிரைண்டரும் அப்போதுதான். காலை ஐந்தரைக்குக் குளிக்கும் அத்தைக்கு முந்தின நாள் சூடு போதுமா என்று சந்தேகம் இருந்தது. கீசர் மேல் ஒரு கம்பளி உறை போட்டதும் தீர்ந்தது. இப்போது ஜூன் மாதத் தெளிந்த நாளில் 15 யூனிட் வாக்கில் வருகிறது, டிசம்பரில் மேகம் கூடாத நாளில் 25-ஐத் தொடும்.

நகராட்சியில் பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவம், சுற்று வரைபடம், சான்றிதழ், பொறுமை. ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். சில மீட்டர்கள் வெளியே போகிற கரண்டையும் உங்கள் கணக்கில் செலவாக எழுதிவிடும், சில கோளாறு என்று நினைத்து நின்றுவிடும். கரண்ட் வெளியே போகாதபடி இன்வெர்ட்டரில் அமைத்து, மெயின் வயரில் அளவிடும் வளையத்தை மாட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு வந்த தொல்லை பறவைகள். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே நாங்கள் வாதாடி வாங்கிய அந்த நாலு விரல் இடைவெளி மைனாக்களுக்கு மாளிகை. கூடு கட்டின, எச்சமிட்டன. குரங்குகள் வந்து தொங்கும் கேபிளை இழுத்துப் பார்த்தன. ஓரமெல்லாம் கறுப்புக் கம்பி வலை அடித்து, கேபிளைச் சட்டத்தோடு உலோகக் கவ்வியால் கட்டிய பிறகு அடங்கியது. வலையைச் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்ட வேண்டும், பேனலில் துளை போட்டால் வாரன்டி போய்விடும். கழுவுவதற்குக் காலை குளிர்ச்சியில் வெறும் தண்ணீர் போதும், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அங்கிள், தன் ஜன்னலைப் பார்த்து நிற்கும் பேனல் கண்ணைக் கூசும் என்று ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். விண்ணப்பம் போடும் முன்பே வரைவை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்கார்ந்து பேசியிருந்ததால் எழுத்தில் ஆட்சேபம் எதுவும் கொடுக்கவில்லை. போன மாதம் அவரே வந்து எங்கள் கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். ஆனால் அவர் கூரை மார்சேய் ஓடு, என் தகரத் தாங்கி அதற்கு உதவாது, ஓட்டைத் தூக்கி அடியில் மாட்டும் கொக்கி வேறு ரகம், உடைந்தால் அதே அச்சில் பழைய ஓடு தேடிப் பிடிக்க வேண்டும். "முதல்ல தச்சரை மேல ஏத்துங்க அங்கிள், பேனல் விலையெல்லாம் அப்புறம்" என்றேன். அவர் இப்போது தன் வீட்டு வண்டுச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார்.